எரிச்சல் உன் குணம் இல்ல மாலா

மாலா,

உன் லெட்டர் கிடைச்சுது. பெரியவன் வேலையில சேர்ந்தது, அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது எல்லாம் படிச்சு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. ஆனா கடைசியில போற போக்குல எழுதியிருந்தியே, தலைவலி வர்றதுக்கு முந்தின நாள் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன், என் புத்தியே மாறிப்போச்சோன்னு பயமா இருக்குன்னு, அங்கேயே நின்னுட்டேன். அதனால என் வீட்டுக் கதை எல்லாம் அடுத்த லெட்டர்ல.

அது உன் குணம் இல்ல மாலா. மைக்ரேன்ங்கிறது வலி வர்ற நிமிஷத்துல ஆரம்பிக்கிறது இல்ல, நெறைய பேருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. காரணமே இல்லாத எரிச்சல், மனசு கனத்துப்போறது, கொட்டாவி மேல கொட்டாவி, கழுத்து இறுக்கம், திடீர்னு இனிப்பு மேல ஆசை, இதெல்லாமே அட்டாக்கோட முதல் கட்டம் தான். தூக்கம் பசி எல்லாத்தையும் பாத்துக்கற ஹைப்போதலாமஸ்னு ஒரு பகுதி மூளையில இருக்கு, வலி வர்றதுக்கு முன்னாடியே அதோட வேலை மாறுறத ஸ்கேன்ல பாத்திருக்காங்க. "இனிப்பு சாப்பிட்ட, அதான் வந்துச்சு"ன்னு யாராவது சொன்னா எனக்கு அதான் கோவம் வருது, பல நேரம் அட்டாக் ஆரம்பிச்சதால தான் அந்த ஆசையே வந்திருக்கும், பழி மட்டும் சாப்பிட்டவ மேல.

எனக்கு வர்றது ஆராவோட வர்ற மைக்ரேன்னு உனக்குத் தெரியும். ஆரான்னா, எனக்கு கண்ணுக்கு முன்னாடி வளைஞ்சு நெளிஞ்சு மின்னுற ஒரு கோடு, மெதுவா பெருசாகி ஓரமா நகர்ந்து அரை மணி நேரத்துல காணாம போயிடும். 1941ல கார்ல் லாஷ்லிங்கிற விஞ்ஞானி தனக்கே வந்த ஆராவை வரைஞ்சு வரைஞ்சு பாத்து, மூளையில ஏதோ ஒண்ணு நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்துல நகருதுன்னு கணக்குப் போட்டார். 1944ல லியாவ்னு ஒரு பிரேசில் விஞ்ஞானி முயல் மூளையில கிட்டத்தட்ட அதே வேகத்துல ஒரு அலை பரவுறதைக் காட்டினார், நரம்பு செல் எல்லாம் ஒரு தடவை கொந்தளிச்சு அப்புறம் கொஞ்ச நேரம் அடங்கிப்போகுது. பேச்சுக்கான பகுதிக்கு அது போச்சுன்னா வார்த்தை வராது. எனக்கு ஒரு தடவை பொண்ணு பேரே வாயில வரல, உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. (உனக்கு முதல் தடவையா பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் மரத்துப்போனாலோ மைக்ரேன்னு நெனச்சு படுத்துடாத, உடனே ஆஸ்பத்திரி போயிடு, பக்கவாதமும் அப்படித்தான் வரும்.)

வலி 4 மணி நேரத்துலயும் விடலாம், 72 மணி நேரமும் ஆகலாம், ஆனா விட்டப்புறமும் ஒரு நாள் மூளை நம்ம சொன்ன பேச்சைக் கேக்காது, படிச்ச வரியையே திரும்பத் திரும்பப் படிக்கணும். வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு இது புரியறது இல்ல, "வலி தான் போயிடுச்சே"ன்னு கேப்பாங்க. அதைவிட மோசம் நடுவுல இருக்கற நல்ல நாள்ல வர்ற பயம், கல்யாணத்துக்கு வரேன்னு சொல்லவே யோசிக்கறது, எதுலயும் ஒத்துக்காம ஒதுங்கிப்போறது. மைக்ரேன் உள்ளவங்களுக்கு டிப்ரஷனும் பதற்றமும் மத்தவங்களைவிட அதிகம், டிப்ரஷன் இருக்கறவங்களுக்கு மைக்ரேன் வர்றதும் அதிகம், ரெண்டு பக்கமும் பாதை இருக்கு. அதனால மனசைப் பத்தி டாக்டர்கிட்ட பேசறது ஏதோ தனி விஷயம்னு நெனைக்காத, அதைச் சொன்னா தான் அவர் சரியான மருந்து தேர்ந்தெடுக்க முடியும், மைக்ரேன் வராம தடுக்கக் குடுக்கற டோபிராமேட் மாதிரி சில மருந்து சிலருக்கு மனச இன்னும் கீழ தள்ளும், வார்த்தைய மறக்கடிக்கும்.

இன்னொண்ணு, வலி மாத்திரைய "கிட்டத்தட்ட தினமும்"னு எழுதியிருந்த, அது தான் எனக்கு ரொம்ப கவலை. சாதாரண வலி மாத்திரைய மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, டிரிப்டான்ங்கிற மைக்ரேன் மாத்திரைன்னா 10 நாளோ அதுக்கு மேலயோ, இப்படியே மூணு மாசத்துக்கு மேல போச்சுன்னா மாத்திரையே தலைவலிய வளக்க ஆரம்பிச்சிடும். நீயா நிறுத்தாத, டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்து, வராம தடுக்கற மருந்து தனியா இருக்கு.

இன்னிக்கே ஒரு நோட்டு எடுத்து எரிச்சல் வந்த நாள், வலி வந்த நாள், மாத்திரை போட்ட நாள், மாதவிடாய் நாள் எல்லாத்தையும் எழுத ஆரம்பி. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், வீட்ல ஸ்பீக்கர்ல போடு, எரிச்சலைப் பத்தி நானே அவங்ககிட்ட சொல்றேன்.

உன்,
கீதா