ஆறரை மணி நேரமா, நாலு மணி நேரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிங்கப்பூர் சுற்றுலாக் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. சென்னையிலிருந்து தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், விமானப் பயண நேரம் ஆறரை மணி என்று போட்டிருந்தீர்கள். தூரம் சரி. நேரம்தான் தப்பு. இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைக்காதீர்கள். அதைப் படித்துவிட்டு முழங்கால் வலிக்காரரான என் அக்கா, "ஆறரை மணி நேரம் காலை மடக்கிக்கிட்டு உட்கார முடியாதுடா, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு" என்கிறார். பேரன் பிறந்து மூன்று மாதமாகிறது, இன்னும் நேரில் பார்க்கவில்லை.

கட்டுரையாளர் டிக்கெட்டில் இருந்த நேரங்களை அப்படியே கழித்திருக்கிறார் போலிருக்கிறது. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் காலை 5.30க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நேரம் நம் கடிகாரம், இரண்டாவது சிங்கப்பூர்க் கடிகாரம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் மிச்சம் நாலு மணி நேரம். அவர் கணக்கையே திரும்பி வரும்போதும் போட்டால், அங்கே இரவு 8க்குக் கிளம்பி இங்கே 9.30க்கு வந்துவிடலாம். போக ஆறரை, வர ஒன்றரை! கடல் என்ன சரிவாகவா இருக்கிறது?

காற்றால் வித்தியாசம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடுகிறது. வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் விளக்கி எழுதிய காற்று அது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது சாதகம். ஆனால் அது நிமிடக் கணக்கு, ஐந்து மணி நேரக் கணக்கு அல்ல.

சரி, அந்த இரண்டரை மணி நேரமே கொஞ்சம் வேடிக்கையானதுதான். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் 24 பாகைகூட வித்தியாசமில்லை. பாகைக்கு நாலு நிமிடம் என்றால் சூரியன் கணக்குப்படி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வர வேண்டும். சிங்கப்பூர் தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கிறது. 1981 முடியும்வரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி கூட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போன என் பெரியப்பா காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. ஒரு வாரம் போல ஆகும் பயணத்தில் கப்பல் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவார்களாம்.

இனி இப்படிப் பெட்டி போடும்போது பறக்கும் நேரத்தைத் தனியாகவும், கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் "உள்ளூர் நேரம்" என்ற குறிப்போடும் போடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகவே நாலு மணிக்கு மேல் ஆகும், அதைப் பல தடவை செய்தவர் அக்கா. எடுத்துச் சொன்னால், "பேப்பர்லயே போட்டிருக்கானே" என்கிறார். திருத்தத்தை அதே ஞாயிறு இணைப்பில், பெட்டி கட்டியே போடுங்கள். டிக்கெட்டை நான் இன்னும் கேன்சல் பண்ணவில்லை.

– வாசகர், மன்னார்குடி