நான் வரவே இல்லை என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் என் முகம் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் 22 ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். போன தை மாதம் சென்னை விமான நிலையத்தில், இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்ட பிறகு என்னை இறக்கிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அந்த விமான நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அன்று நான் விமானம் ஏறும் வாசலுக்கே வரவில்லை, அதனால் இழப்பீடு கிடையாது என்று அதில் எழுதியிருந்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முந்தின நாள் மாலை குடியாத்தத்தில் ஒரு ரிசப்ஷன். மறுநாள் காலை மதுரையில் முகூர்த்தம், 9 மணிக்கு மேல் 10:30-க்குள். இரண்டையும் ஒப்புக்கொண்டது 6:10 விமானத்தை நம்பித்தான். லைட், ஸ்டாண்டு, இன்னொரு கேமரா எல்லாவற்றோடும் என் உதவியாளரை ரயிலில் மதுரைக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் வழக்கம்போல இரண்டு கேமராவிலும் கடிகாரத்தை நொடி சுத்தமாக ஒன்றாக வைத்தேன். இரண்டு பேர் எடுத்த படங்களை ஆல்பத்துக்கு வரிசைப்படுத்த அது தேவை. வேறொன்றுக்கும் அது உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

நள்ளிரவு காரில் கிளம்பி, வாலாஜாபேட்டை சுங்கச்சாவடி தாண்டி ஒரு டீ குடித்துவிட்டு, நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருந்தும் நாங்கள் மீனம்பாக்கம் வரை போகவேண்டியிருந்தது தனிக்கதை. 5:31-க்குப் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்து உள்ளே விட்டார்கள். ஜன்னல் இருக்கை. வெளியே நல்ல இருட்டு, விமானம் நிற்கும் இடத்தில் மட்டும் பெரிய விளக்குகள். எங்கே பறந்தாலும் இறக்கையை ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்புவேன். அன்றும் கேமராவை எடுத்தேன். (புனே போல ராணுவ விமான தளமாக இருந்தால் எடுக்கக் கூடாது. சென்னை அப்படியில்லை.)

முதல் படத்தை கேமராவே எல்லாவற்றையும் முடிவு செய்யும் ஆட்டோ மோடிலேயே எடுத்துவிட்டேன். கேமராவில் உள்ள லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். இருட்டைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். கால் நொடி திறந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்ளே இருந்த வெளிச்சமெல்லாம் ஏறிவிட்டது. என் முகம், வெள்ளைச் சட்டை, கேமரா பிடித்த கை, பின்னால் அந்த நிறுவனத்தின் நிறத்தில் இருக்கை உறை, எல்லாம் கண்ணாடியில் மிதந்தன. வெளியே நிறுத்துமிடத்தின் எண் பலகை வெளிச்சம் ஓவராகி வெள்ளைத் திட்டாகப் போயிருந்தது. வாடிக்கையாளரிடம் காட்டவே முடியாத படம்.

உடனே எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை நாலில் ஒரு பங்காக, குறைத்தேன். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் துண்டால் மூடி இன்னொன்று எடுத்தேன். இறக்கையின் விளிம்பு கத்தி மாதிரி வந்தது. எண் பலகையையும் படிக்க முடிந்தது. இரண்டு படத்துக்கும் இடையே 40 நொடி. நேரம் 5:38. நல்ல வேளையாக முதல் படத்தை அழிக்காமல் விட்டேன்.

5:52-க்கு ஓர் ஊழியர் வந்தார். "சார், கொஞ்சம் பேகை எடுத்துக்கிட்டு வெளியே வாங்க, சீட்டுல ஒரு பிரச்சினை." இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றிருக்கிறார்கள். யாராவது தாமாக விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி முதலில் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். நடைபாதையில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. குடித்துவிட்டுத் தகராறு செய்தவனை இறக்குகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு குழந்தை அம்மாவிடம், "அவர் என்ன பண்ணார்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

குரலை உயர்த்தவில்லை. 2017-இல் வந்த விதிப்படி, வாயால் தகராறு செய்தாலே மூன்று மாதம் வரை பறக்கத் தடை போடலாம் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு பட்டம் கட்டிவிட்டால் இழப்பீட்டுப் பேச்சே எழாது. வெளியே வந்ததும் காரணத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். தரவில்லை. 11:40 விமானத்தில் இடமும் ஒரு சாப்பாட்டுக் கூப்பனும் கொடுத்தார்கள்.

மதுரை மண்டபத்துக்கு நான் போனபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. உதவியாளர் ஓடிவந்தார். "அண்ணா, பதற்றத்துல ஆட்டோ மோடுலயே விட்டுட்டேன்ணா." கேமராவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மேடையின் பின்னால் வெள்ளைத் துணி, அதில் சரம் சரமாக எல்இடி விளக்கு. மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டை. இவ்வளவு வெள்ளையைப் பார்த்தால் மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். காலையில் என் கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்தது என்றால், மண்டபத்தில் அவருடைய கேமரா வெள்ளையைப் பார்த்து ஏமாந்திருக்கிறது. முகத்துக்கு அளந்திருந்தாலோ ஒன்றரை ஸ்டாப் ஏற்றியிருந்தாலோ போதும், அந்த எல்இடிக்கு ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கில் வைத்திருந்தால் வரி வரியாகக் கோடும் விழுந்திருக்காது. அவருக்கு வயது 20, அதுவரை தனியாக முகூர்த்தம் எடுத்ததில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டியவன் நான்.

தாலி கட்டும் படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதிலும் பெண்ணின் முகம் இருட்டு. அவள் தோளுக்குப் பின்னால் தாலியைப் பிடித்திருக்கும் நாத்தனாரின் விரல்களும், பட்டுப் புடவையின் ஜரிகையும் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ். பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "என்னண்ணே, நீங்க வருவீங்கன்னுதானே உங்களுக்குக் கொடுத்தோம்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் 30,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்த மின்னஞ்சல். வரவே இல்லையாம். என் இருக்கையை வேறொருவருக்கு மாற்றியபோது, பதிவேட்டில் என்னை வராதவன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு ஜன்னல் படத்தையும் மூலக் கோப்பாகவே அனுப்பினேன். ஒன்றில் என் முகமும் உங்கள் இருக்கை உறையும் இருக்கின்றன, மற்றொன்றில் நிறுத்துமிட எண் இருக்கிறது, கோப்பு எண்கள் அடுத்தடுத்தவை, நேரம் 5:38. அன்று அந்த எண்ணில் எந்த விமானம் நின்றது என்று உங்கள் பதிவேட்டிலேயே பாருங்கள் என்று எழுதினேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அரைகுறைச் சாட்சிதான். விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் புகார் போட்டேன். பயணக் கூப்பன் தருகிறோம் என்றார்கள், பணமாகத்தான் வேண்டும் என்றேன். 52-ஆம் நாள் என் கணக்கில் 7,680 ரூபாய் வந்தது.

அந்தத் தொகை எப்படி வந்தது என்று பல பேருக்குத் தெரியாது. உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவரை, அவர் விருப்பமில்லாமல் ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் அனுப்பிவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். 24 மணி நேரத்துக்கு மேல் போனால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுதும் திரும்ப வரும், கூடவே அந்த நான்கு மடங்கும் உண்டு. உச்சவரம்புகள் 2016-இல் வைத்தவை. என் டிக்கெட்டில் அந்த இரண்டு கட்டணமும் சேர்ந்து 3,840 ரூபாய், அதனால் 7,680.

இந்தக் கணக்கிலேயே ஒரு அநியாயம் இருக்கிறது. முன்கூட்டியே திட்டமிட்டுக் குறைந்த விலையில் டிக்கெட் எடுத்தவருக்குக் குறைந்த இழப்பீடு. ஆகவே இரண்டு பேரில் ஒருவரை இறக்க வேண்டும் என்றால் யாரை இறக்கினால் செலவு குறையும்? ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் டிக்கெட் விலையைப் பார்ப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறது: 250, 400, 600 யூரோ. நம் ஊரிலும் அப்படி வைப்பதில் என்ன கஷ்டம்?

இது கல்யாண வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. என் ஸ்டுடியோ சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள். கொல்கத்தாவிலிருந்து மனைவியோடு வந்த ஒரு பெரியவர், அங்கேயே இரண்டு பேரையும் இறக்கிவிட்டதால் ஒரு நாள் தாமதமாக வந்து, டாக்டரைப் பார்க்கும் தேதியைத் தவறவிட்டு, லாட்ஜில் இன்னும் ஆறு நாள் வாடகை கட்டிக் காத்திருந்தார். அவருக்கும் சாப்பாட்டுக் கூப்பன்தான். இழப்பீடு உண்டு என்றே அவருக்குத் தெரியாது. வாசலுக்கு நேரத்தோடு போனதற்குச் சான்று உண்டா என்று கேட்டேன். செல்போனை நீட்டினார். விமானத்தின் பெயரும் நேரமும் காட்டும் திரையை எடுத்திருந்தார். திரை முழுதும் ஒரே வெள்ளை, ஓர் எழுத்து படிக்க முடியவில்லை.

எல்லோரும் விமான நிலையத்தில் இதை ஒரு நிமிடம் செய்யலாம். ஒளிரும் திரையைப் படம் எடுக்கும்போது செல்போனில் அந்தத் திரையின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறைந்து எழுத்து தெரியும். சுற்றுப்புறம் இருட்டினால் பரவாயில்லை. அதே படத்தில் போர்டிங் பாஸும் தெரிய வேண்டுமென்றால் அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, கூட வருபவரின் செல்போன் டார்ச்சை அதன் மேல் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேர விவரம் போய்விடும், மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

அப்படியும் தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அந்தப் பெரியவருக்காக ஆங்கிலத்தில் ஒரு புகாரை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன்.

ஆனால் பயணி ஏன் சாட்சி சேர்க்க வேண்டும்? இறக்கும்போதே காரணத்தை எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு ஒரு தாள் கொடுத்துவிட்டால் என் படங்களுக்கு என்ன வேலை? மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் இயக்குநரகமும் அந்தத் தாளைக் கட்டாயமாக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகையை அந்த மேசையிலேயே கணக்கில் போட வேண்டும். சென்னை, திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி நிலையங்களில் ஒவ்வொரு நிறுவனத்தின் கவுண்டரிலும் இந்த விதியைத் தமிழில், தூரத்திலிருந்து படிக்கும் அளவு எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எங்கள் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

இரண்டு ஜன்னல் படங்களின் பிரதியையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அச்சிடுவதாக இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முதல் படத்தைத் தெளிவாக்குகிறோம் என்று உங்கள் அலுவலகத்தில் கருமையைக் கூட்டிவிட வேண்டாம். கூட்டினால் கண்ணாடியில் இருக்கும் என் முகம் மறைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு திருமணப் புகைப்படக்காரர்,
வேலூர்.
(மணமக்கள் குடும்பத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)