இருட்டைப் படம் பிடிக்க வருகிறவனுக்கு

அன்பு மாப்ளைக்கு,

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். இந்தக் காலத்து மனிதர்கள் ராத்திரியில் என்ன செய்கிறார்கள் என்று ஓர் ஆவணப்படம். நல்ல யோசனைதான். ஆனால் சென்னைக்குக் கால் சென்டர், ஆஸ்பத்திரி, பிரியாணிக் கடை என்று அடுக்கிவிட்டு, நம்ம பக்கத்துக்கு நிலா வெளிச்சத்தில் தனுஷ்கோடி சர்ச் மட்டும் வைத்திருக்கிறாயே, அதுதான் பிடிக்கவில்லை. 1964 டிசம்பர் புயலோடு எங்கள் ராத்திரி முடிந்துபோய்விட்டதா என்ன? அந்த இடிந்த சுவரை எல்லோரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள்.

ராமேஸ்வரத்தில் காலையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போகிற விசைப்படகு மறுநாள் விடியும்போதுதான் திரும்பும். ராத்திரி முழுக்க ஆம்பளைகள் கடலில், பெண்கள் போனில். முன்பெல்லாம் படகு கரைக்கு வந்தால்தான் சேதி. இப்போது இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துவிட்டால், டவர் கிடைக்கிற தூரத்துக்கு வந்த படகிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்து விழுகிறது. பெயர் இருக்காது, படகு நம்பர்தான். எங்கள் தெரு அக்கா ஒருத்தி அந்தக் குரலை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டதைப் பார்த்தேன். காற்று இரைச்சலில் கடைசி எண் ஏழா எட்டா என்று புரியவில்லை. வீட்டுக்காரர் போனது எட்டில். விடியும்வரை அடுப்பு பற்றவைக்கவில்லை அந்த அக்கா. உன் படத்துக்கு இதுதான் வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் கேமராவோடு போய் நிற்க உனக்கு மனசு வருமா தெரியாது.

கூச்சமில்லாமல் எடுக்க வேண்டுமென்றால் நாட்டுப்படகுக் கரைக்கு வா. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள். கால் ஒடிந்தால் விலை போய்விடும், அதனால் நூலை ஒவ்வொரு இழையாகத் தளர்த்தி எடுக்க வேண்டும். பேச்சு மட்டும் நிற்காது. மகளிர் குழுக் கடன், மகனின் சவுதி விசா, சீரியல் எல்லாம் அதற்குள் ஓடும்.

அப்புறம் தனுஷ்கோடி நிலம் முடிகிற அரிச்சல்முனை. போனால் 2022-ஐப் பற்றிக் கேள். இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது, அந்த மார்ச்சிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டி வந்தார்கள். கூட்டி வந்த படகுக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடு, சுற்றிலும் தண்ணீர். கடலோரக் காவல்படை மீட்டு வந்த பிறகு மண்டபம் அகதி முகாம். பெட்ரோல், பால்பவுடர் விலை ஏறியதற்காக இருட்டில் கடல் தாண்டினார்கள், மாப்ளே. நவீன சமூகம் என்று நீ எழுதியிருப்பதில் இதையும் சேர்த்துக்கொள்.

அக்னி தீர்த்தம் உன் பட்டியலில் இருக்கிறது, சரி. மூன்றரை மணிக்கே வடக்கத்திக் கூட்டம் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும். பாதிப் பேர் தலை முழுகுவதை வீடியோ காலில் ஊருக்குக் காட்டுவார்கள். அது தானாக அமைந்துவிடும்.

பெரிய லைட்டெல்லாம் தூக்கிக்கொண்டு வராதே. ஜனவரி முதல் மார்ச் வரை தனுஷ்கோடிக் கரையில் ஆமை முட்டையிட ஏறும், வெளிச்சம் பட்டால் மிரண்டு திரும்பிவிடும். அதற்காக ரொம்பத் தள்ளியும் போட்டுவிடாதே. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுக்குத் தடைக்காலம். படகு நிறுத்துகிற ஜெட்டியில் நாய்தான் படுத்திருக்கும். ஏப்ரல் முதல் வாரம் உனக்கு ஒத்துவருமா என்று சொல், மாடி அறையைக் காலி செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளை