மிச்சத் துணிப் போர்வை: தைக்கத் தொடங்கும் முன்

வணக்கம். வெட்டுவதற்கு முன் துணிகளை ஒருமுறை துவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும், அடர் சிவப்பு சாயம் விடும். (என் முதல் போர்வையில் வெள்ளைச் சதுரமே கிடையாது, எல்லாம் ரோஸ்தான்.) இழுத்தால் நீளும் பனியன் துணி வேண்டாம்.

சதுரங்களை 5 அங்குலமாக வெட்டுங்கள். எல்லாப் பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போக 4½ அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 12 என 120 சதுரம் இருந்தால் 45க்கு 54 அங்குலப் போர்வை. தையல் கால் அங்குலத்திலிருந்து துளி பிசகினாலும் வரிசை முடிவதற்குள் பெரிதாகிவிடும், மூலைகள் சேராது. அதனால் முதலில் வேண்டாத துண்டில் தைத்து அளந்து பாருங்கள்.

நிறம் பொருந்துகிறதா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். வெளிர், அடர் கலந்து வந்தால் போதும். தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் எங்கே இருட்டு குவிந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

அடித்துணியும், இடையில் வைக்கும் நடுப்பஞ்சும், சதுரங்களை இணைத்துத் தைத்த மேல்துணியைவிடச் சுற்றிலும் 3 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது நடுவிலிருந்து வெளியே போங்கள், சுருக்கம் விழாது.

அடுக்கிய படத்தைக் குழுவில் போடுங்கள். தைப்பதற்கு முன்பே போடுங்கள், அப்புறம் பிரிக்கச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்.