36ஆவது கிழமை

ஹமில்டன்
மாசி, ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நல்ல சுகம். உன்ர சுகத்தைத்தான் அறிய ஏலாமல் கிடக்கு. மூண்டு கிழமையாப் போன் இல்லை. கடைசியா எடுத்தனி ரெண்டு நிமிஷம் கதைச்சுப்போட்டு, நெட் சரியில்லை எண்டு வைச்சிட்டாய். நீ நேர்ஸ் வேலைக்குப் போன ஆர்க்டிக் ஊர், அந்தப் பாங்னிர்ட்டுங்கில நெட் சரியில்லை எண்டது எனக்கும் தெரியும். ஆனா அண்டைக்கு நீ மூச்சு விட்டதுகூட வடிவாக் கேட்டது பிள்ளை.

கொம்மாவுக்கு அனுப்பின படத்தை நானும் பார்த்தன். ஆரோ இரவல் தந்த அமௌட்டியைப் போட்டுக்கொண்டு நிக்கிறாய். முதுகில குழந்தையை வைக்கிறதுக்கெண்டே பை வைச்சுத் தைக்கிற உடுப்பாமே அது. வடிவா இருக்கு. வேறொண்டுமில்லை.

சொக்ஸ் ரெண்டு போடு. பாரம் தூக்காதை. ஒட்சிசன் சிலிண்டர் தூக்கிற வேலையை வேற ஆரும் செய்யட்டும்.

நேற்று பஸ் பிடிச்சு மலைக்குப் போனனான். மேல ஓரத்தில அந்தப் பழைய சனடோரியத்துக் காணி இருக்கெல்லோ, அங்க. லொரெய்ன் சிலுவை இன்னும் நிக்குது. டக்சி ஓடின காலத்தில எத்தனை தரம் அதைக் கடந்திருப்பன்! ஏதோ சேர்ச் வைச்சதாக்கும் எண்டுதான் நினைச்சிருந்தன். நீ வடக்க போன பிறகுதான் லைப்ரரியில புத்தகம் எடுத்து வாசிச்சன். அது சயரோகத்தை ஒழிக்கிறதுக்கு வைச்ச அடையாளமாம். 1958இல இருந்து 1962 வரைக்கும் 1,200க்கு மேல இனுயிட் சனத்தை, ஆர்க்டிக்கின்ர ஆதிக்குடியளை, சயரோக நோயாளியளா அந்த மலையில வைச்சிருந்திருக்கினம். நீ வைத்தியம் பாக்கிற சனத்தின்ர தாய் தேப்பன்மார், அப்பப்பா அம்மம்மாமார்.

சி. டி. ஹவ் எண்டொரு கப்பல். 1950இல இருந்து ஒவ்வொரு கோடைக்கும் கிழக்கு ஆர்க்டிக் கரையெல்லாம் போகும். பாங் எண்டு சுருக்கிச் சொல்லுற உன்ர பாங்னிர்ட்டுங்குக்கும் வரும். ஊர்ச்சனத்தைக் கப்பலில ஏத்தி எக்ஸ்ரே எடுப்பினம். நெஞ்சில நிழல் தெரிஞ்சால் அவ்வளவுதான், கனபேரைத் திரும்பக் கரைக்கு விடேல்லையாம். உடுப்பு எடுக்கவுமில்லை, பிள்ளையைக் கொஞ்சவுமில்லை. ஐம்பதுகளின்ர நடுவில ஏழு இனுயிட்டில ஒராள் தெற்கு ஆசுப்பத்திரிகளில கிடந்திருக்கினம். ரெண்டு வருஷம், மூண்டு வருஷம். சின்னப்பிள்ளையள் திரும்பிப் போகேக்க தாயோட கதைக்கப் பாஷை இல்லை. செத்த ஆக்களை இஞ்சையே தாட்டிருக்கினம், எங்க தாட்டதெண்டு ஊருக்குச் சொல்லவுமில்லை. சில குடும்பங்கள் ஐம்பது வருஷத்துக்குப் பிறகுதான் குழியைக் கண்டுபிடிச்சது. 2019இல பிரதமர் ட்ரூடோ வடக்க இக்கலுயிட் நகரத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நான் அதை டிவியில பார்த்தனான். அப்ப விளங்கேல்லை.

மருந்து குடுக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. மருந்தாலதானே கனபேர் தப்பினது. கூட்டிக்கொண்டு போன விதம்தான். செஞ்சுபோட்டு ஒரு கடதாசி போடக்கூட ஆளில்லை.

இதுக்கும் பாங்கில 1930களிலயே அங்கிலிக்கன் மிஷன்காரர் சென்ற் லூக்ஸ் எண்டு ஒரு சின்ன ஆசுப்பத்திரி வைச்சிருந்தவை. 1972இல மூடினதாம். நீ நிக்கிற நிலையத்துக்கு அது அப்பப்பா முறை எண்டு சொல்லலாம். அதின்ர படம் அங்க எங்கயாவது சுவரில மாட்டியிருக்கோ எண்டு ஒருக்காப் பார்.

கப்பல் நிண்டதோட பிளேன் வந்திட்டுது. எழுபதுகளில இருந்து பிள்ளைப்பேறுக்கும் பிளேன்தான். அதுவரைக்கும் கூடாரத்துக்குள்ளயும் பனிவீட்டுக்குள்ளயும் அந்தச் சனத்தின்ர மருத்துவிச்சிமார்தானே பார்த்தவை. இப்ப 36ஆவது கிழமை வந்தாப் பெட்டியைக் கட்டு, இக்கலுயிட்டுக்குப் போ, சிக்கலெண்டால் ஒட்டாவா. மற்றப் பிள்ளையளை ஆரிட்டயோ விட்டிட்டு, தெரியாத அறையில ஒரு மாசம் தனியக் காத்துக்கொண்டு இரு. துணைக்கு ஒராள் போக ஒட்டாவா அரசாங்கம் எல்லாருக்கும் காசு குடுக்கச் சம்மதிச்சதே 2017இலதான். கியூபெக் பக்கத்துப் பெண்டுகள் சும்மா இருக்கேல்லை. புவிர்னிட்டுக்கில 1986இல சண்டைபிடிச்சு ஒரு பிரசவ நிலையம் திறந்து, தங்கட பெட்டையளையே மருத்துவிச்சியாப் பழக்கி எடுத்திருக்கினம். அதை வாசிக்கேக்க எனக்குக் கை தட்டவேணும் போல இருந்தது. கொம்மா குசினியில இருந்து எட்டிப் பார்த்தா.

அங்க வேலைக்குப் போன நேர்ஸ்மாருக்கும் இந்த 36 கிழமைச் சட்டம்தானோ? சும்மா கேக்கிறன்.

கோயில்ல ஆரைக் கண்டாலும் உன்ர கதைதான். ரோட்டே இல்லாத ஊர், டொக்டர் எப்பவாவதுதான் வருவார், மிச்ச நாள் என்ர மகள்தான் எல்லாம் எண்டு கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவன். போன கிழமை ஒராள் கேட்டார், பொங்கலுக்கு வந்தவவோ எண்டு. வரேல்லை எண்டன். போன்கூட எடுக்கேல்லை எண்டு சொல்லேல்லை. அது எங்களோட இருக்கட்டும். ஆனா பொங்கலண்டு ஒரு போன் எடுத்திருக்கலாம் நீ.

பாரம் தூக்காதை. முதலே எழுதிப்போட்டன் போல.

கிறிஸ்மசுக்கு எடுத்தபோது திடீரெண்டு கேட்டாய், நான் பிறக்கேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள் எண்டு. வழக்கமாச் சொல்லுறதைச் சொன்னன். ஏஜென்சிக்காரன் திகதி குறிச்சிட்டான், கிளாலிக் கடலால போகவேண்டியதாப் போச்சு எண்டு. முப்பது வருஷமா அதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன். கொம்மாவுக்கும் அதுதான் தெரியும்.

அவன் ரெண்டு திகதி சொன்னவன். ஒண்டு அந்த மாசம். மற்றது ரெண்டு மாசம் கழிச்சு, உன்னைப் பார்த்திட்டுப் போயிருக்கலாம். நான்தான் முதல் திகதியைப் பிடிச்சன். பயம். உன்ர முகத்தைப் பார்த்தாப் போக ஏலாது எண்ட பயம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டனான். அது முழுக்க உண்மையில்லை. அண்டைக்கு எனக்கு என்ர உயிரைப் பற்றித்தான் யோசினை. நீ பிறந்த இரவு ஜாம் போத்தல் விளக்குத்தான். அம்மம்மாவும் மருத்துவிச்சியும்தான். வெளியால ஷெல் சத்தம். நான் ரொறன்ரோவில ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவிக்கொண்டு நிண்டன். கடிதம் வந்து சேர 23 நாள். 95 இடப்பெயர்விலயும் கொம்மாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவ. 1999இல ரொறன்ரோ பியர்சன் எயார்போட்டில வந்து இறங்கேக்க அஞ்சு வயசு உனக்கு. என்னைக் கண்டு கொம்மாவுக்குப் பின்னால ஒளிச்சாய். வெக்கப்படுறாய் எண்டு எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்.

அந்தக் கப்பல் கதையை நான் ஏன் திரும்பத் திரும்ப வாசிக்கிறன் எண்டு கொம்மா கேட்டா. என்ன சொல்லுறது? அதுகளை ஆரோ பிடிச்சுக் கொண்டுபோனது. என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை.

கொம்மா ரெண்டு நாளாச் சரக்கு வறுத்து இடிக்கிறா. வீடெல்லாம் மல்லியும் மிளகும் மணக்குது. பிள்ளைபெத்த வீட்டுக்குத்தானே உந்தச் சரக்கு, ஆருக்கு எண்டு நான் கேக்கேல்லை. அவவும் சொல்லேல்லை. பார்சலில போட்டால் நீ எடுப்பியோ எண்டு மட்டும் கேக்கச் சொன்னா.

ஒட்டாவாவில இருந்து இக்கலுயிட்டுக்கு மூண்டு மணித்தியாலம், அங்கயிருந்து பாங்குக்கு இன்னொரு பிளேன். காலநிலை கெட்டால் நாள்கணக்கில மறியலாம். எனக்கென்ன, ஓய்வெடுத்த ஆள், இருக்கலாம். இக்கலுயிட் எண்டாலும் சரி, பாங் எண்டாலும் சரி, ஒட்டாவா எண்டாலும் சரி. ஒரு திகதியும் இடமும் மட்டும் எழுது. காரணம் எழுதத் தேவையில்லை. கூட ஆரும் இருக்கினம் எண்டால் அவருக்கும் சேர்த்துத்தான் கொம்மா பார்சல் கட்டுவா, நான் ஒண்டும் கேக்கமாட்டன்.

குளிர்ச்சப்பாத்து வாங்கிப்போட்டன். ஒரு சைஸ் பெரிசு. மலிவு விலையில எடுத்தது, திருப்பிக் குடுக்க ஏலாதாம். சொக்ஸ் ரெண்டு போட்டால் சரியா இருக்கும் எண்டு கடைக்காரப் பெடியன் சொன்னவன்.

அப்பா