முடவாட்டுக்காலைப் பிடுங்கியது போதும், நட்டு வளர்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தர்மபுரியிலிருந்து அரூர் போகிற சாலையோரத்திலும் சந்தை நாட்களில் கடைத்தெருவிலும் சாக்கு விரித்து முடவாட்டுக்கால் கிழங்கு விற்கிறார்கள். பழுப்பு முடி அடர்ந்து, தோல் உரிக்காத ஆட்டுக்கால் போலவே இருக்கும் அதை மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், நாமும் பேரம் பேசி வாங்கி வருகிறோம். எந்த மலையிலிருந்து வருகிறது, இப்படியே அள்ளினால் இன்னும் எத்தனை காலம் கிடைக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கிழங்கு என்று சொன்னாலும் இது மண்ணுக்குள் விளைவதில்லை. பெரணி வகைச் செடி ஒன்றின் தண்டு இது, பாறை மேலும் மரத்தின் மேலும் ஒட்டிப் படரும். பூ இல்லை, காய் இல்லை, விதையும் கிடையாது. பச்சை இலையின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் தெரியும், அதிலிருந்து உதிரும் தூள் காற்றில் போய் ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் விழுந்து, முளைத்து, செடியாகி, தண்டு கட்டைவிரல் தடிமன் ஆவதற்கு வருடக்கணக்கில் ஆகும். எடுப்பவர்களோ நுனி முதல் அடி வரை பாறையைச் சுரண்டி முழுசாக எடுத்துவிடுகிறார்கள். நுனிதான் வளரும் பாகம். அதுவும் போய்விட்டால் அந்தப் பாறையில் மறுபடி துளிர்க்க என்ன இருக்கிறது?

மலையிலிருந்து கொண்டுவந்து விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே பழங்குடியினருக்குத் தந்திருக்கிறது. தங்கள் வீட்டுக்கும் சந்தைக்கும் கொஞ்சம் எடுத்த காலத்தில் செடி பிழைத்துக்கொண்டுதான் இருந்தது. யூடியூப் வீடியோக்களில், சித்த வைத்தியத்தில் சொல்லும் 4448 வியாதிக்கும் இது ஒன்றே மருந்து என்று பேச ஆரம்பித்த பிறகு, மூட்டை கணக்கில் கேட்கும் வியாபாரிகள் வந்துவிட்டார்கள். மலை தாங்காது.

ஆனால் இது வளர்க்க முடியாத செடியா என்றால், இல்லவே இல்லை. கேரளத்தில் தென்னை, பலா மரங்களின் மேல் யாரும் நடாமலே தொற்றிப் படர்ந்திருக்கும். மலைதான் வேண்டும் என்பதில்லை, காற்றில் ஈரமும் கொஞ்சம் நிழலும் இருந்தால் சமவெளியிலும் வரும்.

சந்தையில் வாங்கும்போது காயாத, நுனியில் வெளிர் நிற முனை உள்ள துண்டாகப் பார்த்து எடுங்கள். ஒரு சாண் நீளம் போதும். நம் ஆட்கள் மஞ்சள், கருணை நடுகிற பழக்கத்தில் இதையும் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள், அதனால்தான் பலரிடம் அழுகிப் போகிறது. மண்ணில் புதைக்கவே கூடாது. சொரசொரப்பான பட்டை உள்ள மரத்தில் நிழல் விழும் பக்கமாக, தேங்காய் மட்டையை அடியில் வைத்துத் தண்டைச் சணல் கயிற்றால் கட்டிவிட வேண்டும், வேர் பிடித்த பிறகு கயிறு தானாக மக்கிப் போகும். மரம் இல்லாதவர்கள் அகலமான மண்தொட்டியில் உடைந்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டு, மக்கிய இலை போட்டு, அதன் மேல் தண்டைப் படுக்க வைத்துப் பாதி வெளியே தெரியும்படி விட்டால் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது, காலையில் தெளித்துவிட்டாலே சரி. ஆடியில் தென்மேற்குப் பருவமழைச் சாரலோடு கட்டினால் ஐப்பசி மழையும் சேர்ந்து கிடைக்கும், நம் மாவட்டங்களுக்கு அதுதான் தோதான காலம்.

இந்தச் செடிக்கு இரண்டு வகை இலை உண்டு. நீளமாகப் பிளவுபட்டு நிற்கும் பச்சை இலை ஒன்று. இன்னொன்று தண்டை ஒட்டி மூடிக்கொண்டு, சீக்கிரமே பழுப்பாகக் காய்ந்துவிடும் சின்ன இலை. காய்ந்துவிட்டதே என்று அதைக் கிள்ளி எறியக் கூடாது. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் அதுதான் பிடித்து வைக்கிறது, அது மக்கித்தான் செடிக்கு உரம், நாம் தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பச்சை இலை எல்லாம் உதிர்ந்து வெறும் தண்டு மட்டும் நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கி வீசாதீர்கள், மழை விழுந்ததும் துளிர்க்கும். அறுவடைக்கும் அவசரப்படக் கூடாது, இரண்டு மூன்று வருடம் படரவிட்டு, பின்பக்கத்து முதிர்ந்த தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு நுனியை விட்டுவைத்தால் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும்.

நம் தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலையில் காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் மரங்களும் பலா மரங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் ஒரு துண்டு கட்டினால் காப்பி, மிளகோடு இதுவும் ஒரு வரும்படி. மரத்தின் சாற்றை இது உறிஞ்சாது, பிடித்துக்கொள்ள ஓர் இடம் மட்டும்தான் கேட்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களும் செய்யலாம்தான், ஆனால் பூக்கும் பருவத்தில் மருந்து அடிக்கிற தோப்பில் வளர்ந்த தண்டைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், வீட்டோரம் மருந்து படாத ஒரு மரம் போதும்.

மருத்துவத்துக்கு வருகிறேன். மேலே உள்ள முடியைச் சுரண்டிக் கழுவி, வில்லைகளாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிப்பது நம் பக்கத்து வழக்கம். கொல்லிமலைக்குப் போனவர்கள் அங்கே இந்த சூப்பைக் குடிக்காமல் இறங்கியிருக்க மாட்டார்கள். மூட்டு வலி, இடுப்பு வலி, உடம்பு அசதிக்கு ஒரு மண்டலம் குடிக்கச் சொல்வார்கள். இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பெரணியைச் சீன வைத்தியத்தில் எலும்பு முறிவுக்குக் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். நம் கிழங்கின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளிலும் வீக்கமும் வலியும் குறைந்திருக்கின்றன. ஆக, பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

அதற்காக ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிப்பது பெரிய ஆபத்து, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டு வலி என்று ஒரே பெயரில் சொன்னாலும் தேய்மானம் வேறு, யூரிக் அமிலம் கூடி வருவது வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதத்துக்கு உரிய நேரத்தில் சிகிச்சை எடுக்காவிட்டால் மூட்டே சிதைந்துபோகும், பிறகு எந்த சூப்பும் அதை நிமிர்த்தாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள சித்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிப்பதே நல்லது.

தர்மபுரிக்குப் பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரிக்கு எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஆடிக்கு முன்னால் சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களில் அவர்கள் ஒரு நாள் பயிற்சி வைத்து, ஆளுக்குச் சில துண்டுகள் நுனியோடு கொடுத்தால் போதும், பெரிய செலவு இல்லை. தூளிலிருந்து கன்று எடுப்பது வீட்டில் ஆகிற வேலை இல்லை, அதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கையில் எடுக்கலாம். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம், அந்தக் கண்டிப்பை வனத்துறை, மூட்டை மூட்டையாக வாங்கும் வெளியூர் வியாபாரிகளிடம் காட்டட்டும், கூடையோடு வரும் பாட்டியிடம் வேண்டாம். உங்கள் விவசாயப் பக்கத்தில் இதைப் பற்றி அந்த நிலையங்களின் விஞ்ஞானிகளிடம் கேட்டு விரிவாக எழுதினால் மழைக்கு முன்பே பலர் நட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
அரூர் வட்டத்து வாசகர் ஒருவர்,
தர்மபுரி மாவட்டம்.