அயிரை என்று சொல்லி வந்த மீன்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். பேரன் கையிலிருந்து மொபைலைப் பிடுங்கிப் பார்க்காதே. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மொட்டை மாடி ஏறுவதை நிறுத்தியாயிற்று. வற்றல் காயப்போடுவது இப்போது பால்கனியில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண நாள். மகளும் மருமகனும் எங்களை இங்கே புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். மதுரைச் சமையலாம். வாசலில் திருகை, அம்மி, குத்துவிளக்கு. உள்ளே தூணெல்லாம் காரைக்குடியிலிருந்து பெயர்த்து வந்தது போல இருந்தது. காரைக்குடித் தூணுக்கும் மதுரைச் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன், உன் தங்கச்சி முறைத்தாள்.

உட்கார்ந்ததுமே செம்பு டம்ளரில் நாலு பானகம் வந்தது. "வெல்கம் சார்" என்றான் பையன். அப்புறம் இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, கேட்காமலே மூடியைத் திருகிவிட்டு வைத்தான். மேஜையில் ரோஜா இதழ், மெழுகுவர்த்தி. மகள் போனில் இடம் சொல்லி வைத்தபோது கல்யாண நாள் என்று சொல்லியிருக்கிறாள், அதற்காம். உன் தங்கச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மெனுவில் அயிரை மீன் குழம்பு என்று பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. 480 ரூபாய். சோறு தனி, 180. வந்தது ஒரு சின்ன மண்சட்டி. கரண்டியால் கிளறினேன். மாப்ள, உள்ளே கிடந்தது நெத்திலி! தலை கிள்ளி, குடல் எடுத்து, விரல் நீளத்துக்கு வெள்ளையாக. அயிரைக்கு யாராவது தலையைக் கிள்ளுவார்களா? உங்கள் அம்மா அதை உயிரோடு வாங்கி, பால் கலந்த தண்ணீரில் விட்டு, மண்ணைக் கக்க வைத்து, கல்லுப்புப் போட்டு உரசி, தலையும் வாலுமாகக் கொதிக்கிற குழம்பில் கொட்டுவதைத் திண்ணையிலிருந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறோம். சட்டி மூடியை மீன் தட்டும் சத்தம் கேட்டு நீ ஒருமுறை அழுதாய். அன்று இரண்டு தட்டு கூடச் சாப்பிட்டதும் நீதான்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சின்ன மீன்தான் சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். குளத்து மீனும் கடல் மீனும் ஒன்று! குழம்பில் புளியும் இல்லை, தக்காளி இனிப்புதான் முன்னால் நின்றது. கறிதோசையில் கறியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஜிகர்தண்டா பரவாயில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன்.

பில் வந்தது. வணிகவரித் துறையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் பில்லை மேலிருந்து படிக்க மாட்டான். கடைசி வரி 2,991. அதற்கு மேலே சிஜிஎஸ்டி இரண்டரை, எஸ்ஜிஎஸ்டி இரண்டரை, ஆக ஐந்து சதவீதம்; அது நியாயம். அதற்கும் மேலே, வரியோடு வரியாக உட்கார்ந்திருந்தது சர்வீஸ் சார்ஜ் 10%, 259 ரூபாய். பார்க்கிறவன் அதுவும் அரசாங்கத்துக்குப் போகிறது என்றுதான் நினைப்பான். அந்த 259-க்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். இன்னும் மேலே போனால் பானகம் நாலு, 360. தண்ணீர் இரண்டு, 200. அப்புறம் 'செலிப்ரேஷன் செட்டப்' 350. அந்த ரோஜா இதழ்தான்!

மேனேஜரைக் கூப்பிட்டேன். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொன்னது, ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னது சரி என்றது, சங்கங்கள் மேல்முறையீடு போயிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "இது எங்க பாலிசி சார்" என்றார். 1915-க்கு, அதாவது நுகர்வோர் உதவி எண்ணுக்கு, இங்கிருந்தே போன் போடட்டுமா என்றதும் உள்ளே போய்ப் புது பில் கொண்டுவந்தார். 2,720.

தண்ணீருக்கு எம்ஆர்பி-க்கு மேல் வாங்கலாமா என்று மருமகன் கேட்டார். உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டலில் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது, அதனால் அங்கே என் வாய் எடுபடாது. பானகத்தை வேண்டாம் என்று சொல்லலாமென்றால், "குடிச்சாச்சுல்ல, கொடுங்க" என்றாள் உன் தங்கச்சி. இதழுக்கான 350-ஐ மகள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். சொல்லி வைத்தது அவள்தானே, பாவம், கூசிப்போய்விட்டாள்.

வெளியே வரும்போது அந்தப் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருமா தம்பி என்று கேட்டேன். "மாசக் கடைசியில ஏதோ குடுப்பாங்க சார், கணக்கு தெரியாது" என்றான். சொந்த ஊர் திருப்புவனம் பக்கமாம். வைகைக்கரைப் பையன், அவனுக்கா அயிரை தெரியாது? இருநூறு ரூபாய் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டோவில் உன் தங்கச்சி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இருநூத்தி எழுபது ரூபாய்க்கு இவ்வளவு சண்டை போட்டீங்களே, மீன மாத்தி வெச்சதுக்கு ஒரு சண்டை போடக் கூடாதா?" எனக்குப் பதில் வரவில்லை மாப்ள. சட்டம் தெரிந்த இடத்தில் குரல் உயர்ந்தது. நாக்குக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் மேலமாசி வீதி மெஸ்ஸில் குழம்பில் உப்பு கூடிப்போனால் நீ தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போவாயே. அந்த அம்மாவும் ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "ஆமாடா, கூடிப்போச்சு" என்று சொல்லி ரசத்தை ஊற்றும்.

தை பிறந்ததும் மதுரைக்கு வருகிறேன், இவளும் வருகிறாள். கண் கட்டெல்லாம் அவிழ்த்த பிறகு நீயே மார்க்கெட்டுக்குப் போய்ப் பார். கண்மாய் அயிரை வந்திருந்தால் அரைக் கிலோ சொல்லி வை. துள்ளிக்கொண்டு இருக்கணும், அதைப் பார்த்து வாங்கு. விலை எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் கேட்டால் 1915-க்குப் போன் போடுவேன்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்